ஐஸ் கம்பெனி நோட்டும் செயின் கட்டளையும்: ஆர்பிஜி-யில் கீ கொடுத்துப் பதிவைத் தேடுவது எப்படி?

மண்டபத்தில் என் மாமா கணக்கு எழுதும் ஐஸ் கம்பெனியில் ஒரு தடித்த நோட்டு உண்டு. விசைப்படகு ஒன்றுக்கு ஒரு பக்கம். முதல் தாளில் படகு எண்கள் வரிசையாக இருக்கும், எதிரே பக்க எண். "பன்னிரண்டாம் நம்பருக்கு எத்தனை பார் ஐஸ் பற்று?" என்று கேட்டால், முதல் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே 87-ஆம் பக்கத்தைப் புரட்டுவார். ஐபிஎம்மின் வணிகக் கணினியான ஏஎஸ்/400-இல், ஆர்பிஜி என்ற நிரல்மொழியில் கீ (பதிவை அடையாளம் காட்டும் ஃபீல்டு) கொடுத்துத் தேடுவதும் இதேதான். 1988-இல் வந்த அந்த இயந்திரத்தின் வழிவந்த அமைப்பை 2008 முதல் ஐபிஎம் ஐ என்கிறார்கள். நாங்கள் வாய்ப்பழக்கத்தில் இன்னும் ஏஎஸ்/400 என்றே சொல்கிறோம்.

கட்டளைகளைக் கீழே தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் ஆங்கிலத்திலேயே அடியுங்கள்.

படி 1: ஃபைலில் கீ இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைலின் அமைப்பை விவரிக்கும் டிடிஎஸ்-இல், வரியின் 17-ஆம் இடத்தில் கே போட்டு, ஃபீல்டின் பெயர் எழுதியிருக்கும். ஒரு படகு எண் இரண்டு முறை வரக்கூடாது என்றால் மேலே யூனிக் என்றும் இருக்கும்.

படி 2: புரோகிராமில் ஃபைலை அறிவியுங்கள்.

டிசிஎல்-எஃப் படகு யூசேஜ்(*இன்புட்) கீட்;

கடைசியில் இருக்கும் அந்த 'கீட்' என்ற சொல்லில்தான் நான் முதல் வேலையில் அடிபட்டேன். அதை எழுத மறந்துவிட்டேன். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. கீ எழுத்தாக இருந்திருந்தால் பிழை காட்டியிருக்கும். எண்ணாக இருந்ததால், 12 என்பதைப் பதிவின் வரிசை எண்ணாக எடுத்துக்கொண்டு ஃபைலின் 12-ஆவது பதிவைக் கொண்டுவந்து கொடுத்தது. மாமா முதல் தாளைப் பார்க்காமல் நேரே 12-ஆம் பக்கத்தைத் திறந்த மாதிரி. இதில் கொடுமை, சோதனைக்கு நானே 1 முதல் 10 வரை வரிசையாகப் பதிவுகள் போட்டிருந்தேன். எல்லாம் சரியாகவே வந்தது. உண்மையான டேட்டா வந்த பிறகுதான் ஒருவர் கணக்கு இன்னொருவர் பெயரில் போனது தெரிந்தது. சோதனைப் பதிவுகளை 40, 7, 12 என்று கலைத்துப் போடுங்கள்.

படி 3: ஒரே ஒரு பதிவு வேண்டுமென்றால் செயின்.

செயின் (எண்) படகு;
இஃப் %ஃபவுண்ட்(படகு);
  பெயர் = பபெயர்;
எல்ஸ்;
  பெயர் = 'படகு இல்லை';
எண்ட்இஃப்;

பபெயர் என்பது ஃபைலில் இருக்கும் படகின் பெயர். %ஃபவுண்ட் கேட்காமல் விடாதீர்கள். பதிவு கிடைக்காவிட்டால் ஃபீல்டுகள் காலியாகாது, முன்பு படித்த படகின் விவரமே அப்படியே உட்கார்ந்திருக்கும். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் செட்எல்எல் போட்டு %ஈக்வல் கேளுங்கள். அது பதிவைப் படிப்பதே இல்லை.

படி 4: ஒரு தேதியிலிருந்து ஒரு படகின் பற்றுகள் எல்லாம் வேண்டுமென்றால்? பற்று ஃபைலின் கீ, படகு எண்ணும் தேதியும் என்று வைத்துக்கொள்வோம்.

செட்எல்எல் (எண் : தேதி) பற்று;
ரீட்இ (எண்) பற்று;
டிஓடபிள்யூ நாட் %இஓஎஃப்(பற்று);
  மொத்தம் += பார்;
  ரீட்இ (எண்) பற்று;
எண்ட்டிஓ;

ரீட்இ, கொடுத்த கீயோடு ஒத்துப்போகும் அடுத்த பதிவைப் படிக்கும். அப்படி இனி இல்லையென்றால் %இஓஎஃப் அதைச் சொல்லும். செட்எல்எல் என்பது விரலை வைப்பது மட்டும்தான். கொடுத்த கீயோ, அது இல்லையென்றால் அடுத்த பெரிய கீயோ எங்கே இருக்கிறதோ அங்கே நிற்கும். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, ஐஸும் எடுக்காது. தேதி ஏப்ரல் 15 என்று கொடுத்தால், தடை முடிந்தபின் அதே படகு எடுத்த முதல் பற்றில் விரல் நிற்கும். அந்தப் படகு அப்புறம் ஐஸே எடுக்கவில்லை என்றால் அடுத்த படகின் மேல் போய் நிற்கும். அங்கே ரீட்இ நின்றுவிடும், ஏனென்றால் படகு எண் ஒத்துப்போகவில்லை. வெறும் ரீட் போட்டிருந்தால் அடுத்தவர் பற்றையும் சேர்த்துக் கூட்டிவிடும்.

செட்எல்எல்லுக்குப் பதில் செயின் போட்டுவிட்டு ரீட்இ-க்குப் போகிறவர்களும் உண்டு. செயின் முதல் பதிவை ஏற்கெனவே படித்துவிட்டது, ஆகவே ரீட்இ இரண்டாவதில் ஆரம்பிக்கும். கூட்டுத்தொகையில் எப்போதும் ஒரு பற்று குறைந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

படி 5: ஃபைலை *அப்டேட் என்று திறந்திருந்தால், செயின் அந்தப் பதிவைப் பூட்டிவிடும். திரையில் பதிவைத் திறந்து வைத்துவிட்டு ஒருவர் டீ குடிக்கப் போனால், அதே பதிவைத் திருத்த வரும் மற்றவர் காத்திருப்பார். ஃபைல் உருவாக்கும்போது மாற்றாமல் விட்டால் காத்திருப்பு 60 விநாடி, அதற்குள் பூட்டு விடுபடாவிட்டால் பிழை. பார்க்க மட்டும் என்றால் செயின்(என்) போடுங்கள், பூட்டாது. திருத்தி முடித்தால் அப்டேட், வேண்டாமென்று விட்டால் அன்லாக்.