மழைக்கு முன்னால் ஃப்ளூ ஊசி: முதல்முறை போடுபவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஐப்பசி பிறந்தால் வீட்டுக்கு ஒருவராவது இருமுவார்கள். அம்மாவுக்கு வீசிங் உண்டு என்பதால் அந்த மாதங்களில் எனக்குத் தூக்கமே இருக்காது. அவருக்காகத்தான் இந்த ஊசியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

1. யாருக்கு? ஆறு மாதம் நிறைந்த குழந்தை முதல் பெரியவர்கள் வரை போடலாம். கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் தள்ளிப்போடவே கூடாது. முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சுத்திணறல் வந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல காய்ச்சல் இருந்தால் குறையட்டும், அப்புறம் போகலாம்.

2. எப்போது? எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால் செப்டம்பரிலேயே போட்டுவிடுவது நல்லது. வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும், ஊசியையும் அதற்கேற்ப மாற்றுகிறார்கள். அதனால் ஆண்டுதோறும் போட வேண்டும்.

3. எங்கே? இங்கேதான் நான் தவறு செய்தேன். மருந்துக்கடையில் வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, உச்சி வெயிலில் நடந்தே கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, போட மாட்டேன் என்றார். அவர் செய்தது சரி. ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள்தான் இருக்க வேண்டும். காசிமேட்டு மீன் மாதிரி ஐஸில் புதைத்தும் வைக்கக் கூடாது, உறைந்தாலும் கெட்டுவிடும். ஆகவே மருந்தைத் தாங்களே ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் கிளினிக்காகப் பாருங்கள். குழந்தைகள் டாக்டரிடம் பெரும்பாலும் இருக்கும். இருப்பு உண்டா, விலை என்ன என்று முந்தின நாளே போனில் கேளுங்கள். பெட்டியில் காலாவதித் தேதியையும், எந்த ஆண்டுக்கான மருந்து என்பதையும் பாருங்கள்.

4. போடும்போது. பெரியவர்களுக்குத் தோள்பட்டைக்குக் கீழே, மேல்கைச் சதையில் போடுவார்கள். கை தளர்வான உடை போதும். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே பார்க்க ஆள் வேண்டும்.

5. வீட்டுக்கு வந்த பிறகு. ஓரிரு நாள் கை வலிக்கும், லேசாக உடம்பு சுடலாம். இதைப் பார்த்துத்தான் ஊசியே ஃப்ளூவைக் கொடுத்துவிட்டது என்கிறார்கள். அப்படியில்லை, இந்த ஊசியில் இருப்பது செயலிழக்க வைத்த வைரஸ்.

ஒன்பது வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இதுதான் முதல்முறை என்றால் நான்கு வாரம் கழித்து இன்னொரு ஊசி உண்டு. அந்தத் தேதியை அன்றைக்கே காலண்டரில் வட்டமிட்டுவிடுங்கள்.