ஈசிஜி சர்க்யூட்: முதல் கட்டத்திலேயே கெயினை ஏற்றாதீங்க

ப்ராஜெக்டுக்காக ஈசிஜி சர்க்யூட் போடுறவங்க பலரும் தடுக்கி விழுற இடம் இதுதான். இதயத்திலிருந்து தோலுக்கு வரும் சிக்னல் சுமார் 1 மில்லிவோல்ட். அதனால முதல்ல வர்ற பெருக்கியான ஏடி620 ஐசியிலேயே கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் மடங்கை, 1000-ன்னு வெச்சிடுறோம். நானும் அப்படித்தான் வெச்சேன். ஆசிலோஸ்கோப்பில் கோடு மேலே போய் ஒட்டிக்கிட்டு அசையவே இல்லை. ஐசி போயிடுச்சுன்னு நினைச்சு இரண்டு முறை மாத்தினேன்.

தப்பு ஐசியில் இல்லை. எலக்ட்ரோடும் தோலும் சேரும் இடத்தில் டிசி (மாறாத) மின்னழுத்தம் உருவாகும். இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு நடுவே அந்த வித்தியாசம் 300 மில்லிவோல்ட் வரைக்கும் போகலாம். அதை 1000 மடங்காக்கினா 300 வோல்ட், எந்த பேட்டரி தாங்கும்?

ஏடி620-க்கு 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்க, கெயின் 7 வரும். அடுத்து 1 மைக்ரோஃபாரட், 3.3 மெகா ஓம் வெச்சு ஹை-பாஸ் ஃபில்டர், அதாவது டிசியைத் தடுத்து மாறும் சிக்னலை மட்டும் விடும் வடிகட்டி. கட்-ஆஃப் (இதுக்குக் கீழே உள்ளதைத் தடுக்கும் எல்லை) சுமார் 0.05 ஹெர்ட்ஸ். கெப்பாசிட்டர் ஃபிலிம் வகையா இருக்கட்டும், செராமிக் தட்டினாலே கோடு ஆடும். டிசி போன பிறகு அடுத்த ஆப்-ஆம்பில் (பெருக்கி ஐசி) 140 மடங்கு ஏத்திக்கலாம்.

மெயின்ஸ் கரண்டால வர்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு வலது கால் டிரைவ் (இரைச்சலைத் தலைகீழாக்கி வலது கால் எலக்ட்ரோடு வழியா உடம்புக்கே திருப்பி அனுப்பும் சர்க்யூட்) போடுங்க, அந்த வயரில் 390 கிலோ ஓம் கட்டாயம்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: உடம்பில் எலக்ட்ரோடு இருக்கும்போது பேட்டரியில் மட்டும் ஓட்டுங்க. லேப்டாப்பை இணைச்சிருந்தா சார்ஜரைக் கழட்டிடுங்க. மெயின்ஸில் ஓடும் ஸ்கோப்பையும் அப்போ சேர்க்காதீங்க.