விசாரணைக்கு முன் கொடுக்க வேண்டிய ஒரு பக்கம்

காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ வாக்குமூலம் அளிக்கவிருக்கும் மாற்றுத்திறனாளி, தமக்குத் தேவையான உதவிகளை ஒரே பக்கத்தில் எழுதி, முதல் கேள்விக்கு முன்பே அதிகாரியிடம் கொடுத்து, வழக்குக் கோப்பில் சேர்க்கச் சொல்லி, நகலில் கையொப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும். "சைகைமொழிபெயர்ப்பாளர் வேண்டும்", "ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்", "நான் தலையசைப்பது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கே, ஒப்புக்கொள்கிறேன் என்பதற்கு அல்ல" என்று நேரடியாக எழுதலாம். கடைசி வரி மிக முக்கியம். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரின் பணிவான தலையசைப்பு ஒப்புதலாகவே பதிவாகிவிடக்கூடும்.

2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, புலன்விசாரணை உட்பட எல்லா நிலைகளிலும் நடைமுறை வசதிகள் தரப்பட வேண்டும் என்கிறது. வாய்மொழியாகக் கேட்டது மறுக்கப்பட்டால் தடயம் இருக்காது. எழுத்தில் கேட்டது கோப்பில் நிற்பதால், அந்த வாக்குமூலத்தை எதிர்த்து வாதிடப் பின்னர் வழக்கறிஞருக்குக் கைகொடுக்கும்.

திடீர்க் கைதின்போது இதை எழுத அவகாசம் இருக்காது என்பதால், அங்கே வழக்கறிஞரை உடனே கேட்பதே முதல் வேலை. உடன்படிக்கையில் சேராத நாட்டில் உள்நாட்டுச் சட்டத்தையே சுட்ட வேண்டும். எங்கானாலும், நடந்த சம்பவத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்லும் எழுதக் கூடாது.