போனில் இடமில்லையா? மெமரி கார்டை இன்டர்னல் ஸ்டோரேஜாக மாற்றலாம்

மெமரி கார்டு வாங்கிப் போட்ட பிறகும் "ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது" என்றே போன் சொல்லிக்கொண்டிருக்கிறதா? கார்டைச் செருகினால் மட்டும் இன்டர்னல் ஸ்டோரேஜ், அதாவது போனின் சொந்த இடம், கூடிவிடாது. போன் அதைத் தனி இடமாகத்தான் வைத்துக்கொள்ளும். ஆப்களும் வாட்ஸ்அப் படங்களும் பழைய இடத்திலேயே சேர்ந்துகொண்டிருக்கும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0-இலிருந்து, கார்டையே இன்டர்னல் ஸ்டோரேஜோடு சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. 16 அல்லது 32 ஜிபி போனை இன்னும் கொஞ்ச காலம் ஓட்ட நினைப்பவர்களுக்கு இது நல்ல வழி.

ஆனால் எல்லாப் போனிலும் இது கிடையாது. சாம்சங் போன்களின் மெனுவில் பொதுவாக இந்த வசதி இருப்பதில்லை. கார்டு ஸ்லாட்டே இல்லாத போன்களும் நிறைய. சிலவற்றில் இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே இடம்தான், ஏதாவது ஒன்றைத்தான் போட முடியும். ஆகவே கார்டு வாங்கும் முன் சிம் ட்ரேயை வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

எந்தக் கார்டு?

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. கார்டின் மேல் ஏ1 அல்லது ஏ2 என்ற குறி இருக்க வேண்டும். ஆப்கள் சின்னச் சின்னத் தகவல்களை ஓயாமல் படித்து எழுதிக்கொண்டே இருக்கும். ஏ1 கார்டு நொடிக்குக் குறைந்தது 1500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் வல்லது. ஏ2-வில் இது 4000, 2000. 'கிளாஸ் 10' என்ற குறி வீடியோ போன்ற பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாக எழுதும் வேகத்தை மட்டுமே சொல்லும். அதை மட்டும் பார்த்து வாங்கினால் போன் திக்கித் திணறும். போலிக் கார்டுகளும் சந்தையில் உண்டு, நம்பகமான கடையில் வாங்குங்கள். 64 ஜிபி கார்டு போனில் 59 ஜிபி அளவுக்குக் காட்டினால் பயப்பட வேண்டாம், கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான்.

செய்முறை

1. கார்டில் ஏற்கெனவே இருக்கும் படம், பாட்டு எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றுங்கள். ஃபார்மேட் செய்ததும் எல்லாம் அழிந்துவிடும். போனில் உள்ள முக்கியமான படங்களுக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

2. போனை அணைத்துவிட்டு கார்டைப் போடுங்கள். பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஆகியிருக்கட்டும்.

3. செட்டிங்ஸில் ஸ்டோரேஜுக்குப் போய், எஸ்டி கார்டைத் (மெமரி கார்டுதான்) தொடுங்கள். மேலே மூன்று புள்ளி மெனுவில் 'ஸ்டோரேஜ் செட்டிங்ஸ்', அதற்குள் 'ஃபார்மேட் ஆஸ் இன்டர்னல்'. மெனுப் பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும்.

4. எச்சரிக்கையைப் படித்துவிட்டு ஃபார்மேட் செய்யுங்கள். கார்டு மெதுவாக இருக்கிறது என்று போன் சொன்னால், அந்தக் கார்டோடு மேலே போகாதீர்கள். பின்னால் ஒவ்வொரு ஆப் திறக்கும்போதும் அவதிப்படுவீர்கள்.

5. அடுத்து, டேட்டாவை இப்போதே மாற்றவா என்று கேட்கும். 'மூவ்' கொடுங்கள். படங்களும் வீடியோக்களும் கார்டுக்குப் போகும். இது முடியும் வரை போனைத் தொடாமல் இருப்பது நல்லது.

அப்புறம் ஆப்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ், வேண்டிய ஆப், ஸ்டோரேஜ் என்று போனால் 'சேஞ்ச்' என்ற பொத்தான் இருக்கும். அதில் கார்டைத் தேர்ந்தெடுங்கள். பொத்தானே இல்லை என்றால், அந்த ஆப்பை உருவாக்கியவர்கள் இடம் மாற்ற அனுமதிக்கவில்லை என்று பொருள். பெரிய கேம்களை மாற்றினால் நிறைய இடம் கிடைக்கும். தினமும் பலமுறை திறக்கும் ஆப்களைப் போனிலேயே விட்டுவிடுங்கள், அங்கேதான் வேகம் அதிகம்.

இதை மட்டும் மறக்காதீர்கள்

இப்படி மாற்றிய கார்டில் உள்ளவை குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். அதற்கான சாவி அந்தப் போனுக்குள் மட்டுமே இருக்கும். கார்டைக் கழற்றி வேறு போனிலோ கணினியிலோ போட்டால் எதுவும் படிக்காது. போன் உடைந்து செத்துப்போனாலும், எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் போல ஆக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும், கார்டில் உள்ள குழந்தையின் படங்களைக்கூட மீட்க முடியாது. கூகுள் போட்டோஸிலோ கணினியிலோ ஒரு நகல் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

இடத்தை அடைப்பது வெறும் படங்களும் வீடியோவும்தான் என்றால் இவ்வளவு தூரம் வரத் தேவையே இல்லை என்பது என் கருத்து. கார்டைச் சாதாரணமாகவே வைத்துக்கொண்டு, கேமரா செட்டிங்ஸில் சேமிக்கும் இடத்தை எஸ்டி கார்டாக மாற்றுங்கள். பழைய படங்களைக் கூகுளின் ஃபைல்ஸ் ஆப் மூலம் நகர்த்திவிடலாம். கார்டை எப்போது வேண்டுமானாலும் எடுத்து வேறு போனில் பார்க்கலாம். வாட்ஸ்அப் படங்களை மட்டும் அவ்வப்போது கையால் நகர்த்த வேண்டியிருக்கும். நகர்த்திய பிறகு அவை சாட்டில் திறக்காது, கேலரியில் இருக்கும்.

பழையபடி மாற்ற

கார்டை அப்படியே பிடுங்கிவிடாதீர்கள். முதலில் ஆப்களை ஒவ்வொன்றாகப் போனுக்குத் திருப்புங்கள். பிறகு ஸ்டோரேஜில் போனின் சொந்த ஸ்டோரேஜைத் தொட்டு, மூன்று புள்ளி மெனுவில் 'மைகிரேட் டேட்டா' கொடுங்கள். அதற்குப் போனில் போதிய இடம் வேண்டும், இல்லையென்றால் சிலவற்றைக் கணினிக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள். கடைசியாகக் கார்டுக்குப் போய் 'ஃபார்மேட் ஆஸ் போர்ட்டபிள்' கொடுத்தால் சரி, கார்டு மறுபடி எந்தப் போனிலும் வேலை செய்யும்.