மலைச்சரிவில் செப்டிக் டேங்க்: கீழே உள்ள ஊற்று கெடாமல் அமைக்கும் முறை

மலையில் வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் டேங்க் கட்டி, அதிலிருந்து வரும் தண்ணீரை ஆழமான உறிஞ்சுகுழியில் விட்டுவிடுகிறார்கள். சமவெளியில் இது ஓரளவு ஒப்பேறும். மலையில் மேல்மண் சில அடிதான், அதன் கீழே பாறையும் வெடிப்பும். ஆழக் குழியில் விட்ட கழிவுநீர் வெடிப்பு வழியே இறங்கி, கீழ்வீட்டார் குடிக்கும் ஊற்றில் வந்து சேரும். டேங்க் செய்வது கசடைப் பிடித்து வைக்கிற வேலை மட்டுமே. கிருமியை வடிகட்டி அழிப்பது காற்றோட்டமுள்ள மேல்மண்தான். ஆகவே ஆழம் குறைந்த, நீளமான பள்ளங்களில் தண்ணீரைப் பரப்பி விடுங்கள்.

முதலில் இடம். ஊற்று, கிணறு, ஓடை எதிலிருந்தும் 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஊற்றுக்கு நேர்மேலே என்றால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள், பக்கவாட்டில் நகர்த்துங்கள். 2 மீட்டர் ஆழத்துக்கு ஒரு சோதனைக் குழி வெட்டிப் பாருங்கள். பள்ளத்தின் அடிக்கும் பாறை அல்லது நிலத்தடி நீருக்கும் இடையே 1 மீட்டர் மண்ணாவது வேண்டும்.

அடுத்து, பள்ளம் அமையும் ஆழத்தில் ஓரடிக் குழி போட்டு, முந்தின நாளே தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். மறுநாள் 15 செ.மீ. தண்ணீர் ஊற்றி, 2.5 செ.மீ. இறங்க எவ்வளவு நேரம் என்று குறியுங்கள். 5 முதல் 60 நிமிடம் என்றால் சரி. அதைவிட வேகமாக இறங்கினால் மண் வடிகட்டாது. மெதுவாக இறங்கினால் கழிவு மேலே பொங்கும். இதை மழைக்காலத்தில் செய்தால்தான் உண்மை தெரியும்.

ஆறு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால் 600 லிட்டர். இரண்டு நாள் தண்ணீரும் மூன்று வருடக் கசடும் தங்க 2,000 லிட்டர் டேங்க் போதும். குளிர் மலையில் கசடு மெதுவாகத்தான் மட்கும், கொஞ்சம் பெரிதாகவே கட்டுங்கள். இரண்டு அறை: முதலாவது மூன்றில் இரண்டு பங்கு. உள்வரும் குழாய் வெளிக்குழாயைவிட 7.5 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். இரண்டு முனையிலும் டி-குழாய் (T வடிவக் குழாய்) கட்டாயம். இல்லாவிட்டால் பாலாடை போல மேலே மிதக்கும் கழிவு ஆடை அப்படியே பள்ளத்துக்குப் போய்விடும். மூடுமுன் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். கூரைத் தண்ணீரை இதில் சேர்க்கவே கூடாது.

சரிவில் பலரும் சறுக்குவது குழாயில்தான். செங்குத்தாக வந்து விழும் தண்ணீர் டேங்க்கின் அடிக்கசடைக் கலக்கிவிடும். உயரத்தை ஓர் இறக்கத் தொட்டியில் (தண்ணீர் விழுந்து வேகம் தணியும் சிறு தொட்டி) முடித்துவிட்டு, கடைசி 3 மீட்டரை 50-க்கு 1 சரிவில் கொண்டு வாருங்கள்.

பள்ளங்களைச் சரிவுக்குக் குறுக்காக, சம உயரத்தில் வெட்ட வேண்டும். கண்மதிப்பு வேண்டாம், ட்யூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து முளை அடியுங்கள். ஒரு முனை கொஞ்சம் தாழ்ந்தாலும் மொத்தத் தண்ணீரும் அங்கேயே தேங்கி, அந்த மூலை மட்டும் சொதசொதவென்று ஆகிவிடும். நடுத்தர மண் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் வாங்கும். 600 லிட்டருக்கு 30 சதுர மீட்டர், 60 செ.மீ. அகலத்தில் 25 மீட்டர் நீளப் பள்ளம் இரண்டு. 20–40 மி.மீ. கழுவிய ஜல்லியை 30 செ.மீ. போட்டு, அதற்குள் துளையிட்ட 110 மி.மீ. குழாய், மேலே வடிகட்டித் துணி, பிறகு மண். மேல்பள்ளம் நிறைந்தபின் கீழ்ப்பள்ளத்துக்கு வழியுமாறு நடுவில் ஒரு பெட்டி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே மழைநீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால்.

சரிவு 30 சதவீதத்தைத் தாண்டினால் பள்ளம் வேண்டாம், மண் சரியும். அடியில் ஷீட் விரித்த 60 செ.மீ. ஆழ ஜல்லிப் படுகையில் நாணலோ கல்வாழையோ நடலாம்; குளிர்ப் பகுதியில் ஆளுக்கு 5 சதுர மீட்டர் கணக்கு. படுகையைத் தாண்டிய தண்ணீரிலும் கிருமி இருக்கும், ஓடையில் விடாதீர்கள்.

உறிஞ்சும் லாரி 6 மீட்டருக்கு மேல் ஆழத்திலிருந்து இழுக்கத் திணறும். சாலைக்குக் கீழே வீடு என்றால் டேங்க் இடத்தை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள். கசடும் ஆடையும் சேர்ந்து டேங்கில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டதும் எடுத்துவிடுங்கள். வெள்ளைத்துணி சுற்றிய கம்பை இறக்கினால் கறை காட்டிக்கொடுக்கும். யாரும் உள்ளே இறங்கக் கூடாது, விஷவாயு நொடியில் ஆளை வீழ்த்தும். பள்ளத்தின் மேல் புல் திட்டுத்திட்டாகச் செழித்து, நாற்றம் வந்தால் அடைப்புத் தொடங்கிவிட்டது. நடுப்பெட்டியில் அந்தப் பள்ளத்துக்குப் போகும் வழியை மூடி, தண்ணீர்ச் செலவைக் குறைத்து, சில மாதம் காயவிடுங்கள்.