ஆங்கில ஐரனியைப் பிடிப்பதும் பேசுவதும்: தொடங்குபவர்களுக்கு

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ், படகு, ஓட்டோ என்று தொழில் பார்ப்பவர்களுக்கு, வெளிநாட்டுப் பயணிகள் வரும் மே முதல் செப்டெம்பர் வரை ஆங்கிலம் இல்லாமல் முடியாது. இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட ஓரிடத்தில் தடுமாறுவார்கள்: வாய் ஒன்று சொல்லும், மனம் அதற்கு நேர்மாறாக நினைக்கும். அதுதான் ஐரனி.

படி 1: இது நமக்குப் புதிதல்ல. தொண்டைமானிடம் தூது போன ஔவையார், உன் ஆயுதங்கள் பீலி அணிந்து நெய் பூசி மினுங்குகின்றன, அதியமானுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். நீ போரையே காணாதவன் என்பதுதான் பொருள். பள்ளியில் வஞ்சப் புகழ்ச்சி என்று படித்தோமே, அதேதான்.

படி 2: சொல்லையும் கண்முன் நடப்பதையும் ஒப்பிடுங்கள். எல்லோரும் தடக்குப்படும் இடம் இதுதான். குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் சொல்லித் தருகிறார்கள். அமெரிக்கர் சிலர் 'கிரே...ட்' என்று இழுப்பார்கள், சரி. ஆனால் பிரித்தானியர் பலர் முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் சாதாரணக் குரலிலேயே சொல்லிவிடுவார்கள். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மான் ஒன்று ஒருவரின் பையிலிருந்து வாழைப்பழத்தை இழுத்துத் தின்கிறது என்று வையுங்கள். அவர் அமைதியாக, 'வெல், தட்ஸ் லஞ்ச் சோட்டட்' என்பார். மதியச் சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்கிறார். குரலில் ஒன்றும் இல்லை; மானின் வாயில் தொங்கும் தோல் மட்டுமே சாட்சி. வாடைக்காற்று மழையில் தோய்ந்து வந்து 'லவ்லி வெதர்' என்பதும் இப்படித்தான். சொல்லும் காட்சியும் ஒட்டவில்லையா? காட்சியை நம்புங்கள்.

படி 3: பதில். விளக்கம் கேட்கவோ திருத்தவோ வேண்டாம். 'அட் லீஸ்ட் த டியர் இஸ் ஹப்பி' (மானுக்காவது சந்தோஷம்) என்று அதே போக்கில் ஒரு வரி போதும். 'டெல் மீ அபவுட் இட்' என்று யாராவது சொன்னால் கதை சொல்லத் தொடங்காதீர்கள். 'எனக்குத் தெரியாதா என்ன' என்கிறார்.

படி 4: நீங்கள் பேசுவது. வெயில், பிந்தி வரும் பஸ், போன கரண்ட் ஆகியவற்றில் தொடங்குங்கள். பஸ் ஒரு மணி நேரம் பிந்தி வந்தால் 'ரைட் ஒன் டைம்' (சரியாக நேரத்துக்கு வந்துவிட்டது) என்று சொல்லிப் பாருங்கள். ஆளைக் குறிவைத்தால் அது பகிடி இல்லை, நக்கல். பொருளைத் தொலைத்தவரிடமும், நேர்முகப் பரீட்சையிலும், குடிவரவு அதிகாரியிடமும் வேண்டவே வேண்டாம்.

பயிற்சிக்கு கூகுள் டிரான்ஸ்லேட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலும் நேர்ப்பொருள்தான் கிடைக்கும், கண்முன் நடக்கும் சூழ்நிலை அதற்குத் தெரியாது. யூகிளிஷ் தளத்தில் ஒரு தொடரைக் கொடுத்தால், அதைச் சொல்லும் யூடியூப் காணொளிகள் வரிசையாக வரும். பிரித்தானிய உச்சரிப்பை மட்டும் பிரித்தும் கேட்கலாம். அதுதான் என் தெரிவு.

பின்சேர்க்கை: வாட்ஸ்அப்பில் எப்படிப் பிடிப்பது என்று வாசித்தவர்கள் கேட்டார்கள். இணையத்தில் சிலர் முடிவில் சாய்கோடு போட்டு எஸ் எழுத்தைச் சேர்ப்பார்கள். அது நக்கல் என்பதற்கு அடையாளம். விருந்தினர் அப்படிப் போடமாட்டார். ரூம் மாறிவிட்டது என்று நீங்கள் அனுப்பியதற்கு 'கிரேட், தேங்க்ஸ்' என்று மட்டும் வந்தால் ஊகிக்காமல், 'இஸ் தட் ஓகே ஃபோர் யூ?' என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.