மகளின் இழுப்பும் ஒரு ஸ்பேசரும்: என் அனுபவம்

மார்கழிப் பனியில் மகளுக்கு ஆஸ்துமா இழுப்பு தொடங்கும். போகிப் புகையில் முற்றிவிடும். மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலர் இருந்தும் பலன் போதவில்லை. மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்குகிறது என்று கண்டு, மருத்துவர் ஸ்பேசர் எழுதிக்கொடுத்தார்; இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய் போன்ற பிளாஸ்டிக் கருவி அது. நிலைமை மாறியது அதற்குப் பிறகுதான். இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒருமுறை அழுத்தி, நிதானமாக ஐந்தாறு மூச்சு. அடுத்த முறைக்கு மறுபடியும் குலுக்க வேண்டும்.

இன்னொன்று பியூடசோனைட். இது இழுப்பு வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் மருந்து. இழுப்பே இல்லாத நாளிலும் விடக்கூடாது. ‘ஸ்டீராய்டா!’ என்று உறவினர்கள் பதறினார்கள். மைக்ரோகிராம் அளவில் நேரே நுரையீரலுக்குப் போகும் மருந்து அது. எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுகிறாள்.

நீல இன்ஹேலர் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டாலோ, இரவில் இருமி எழுந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போகிறோம். அவசரத்துக்கான அறிகுறிகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்: ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத மூச்சு வாங்கல், விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுப்பது, உதடு நீலம் பாரிப்பது, நீல இன்ஹேலர் தரும் நிவாரணம் நான்கு மணி நேரம்கூட நிற்காதது. ஒன்று தெரிந்தாலே 108 அழைப்பு. வண்டி வரும்வரை படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, மருத்துவர் சொன்ன அளவில் ஸ்பேசர் வழியே மருந்தைத் தொடர வேண்டும்.

முக்கியமாக, மூச்சின் விசில் சத்தம் அடங்கியும் குழந்தை சோர்ந்தே கிடந்தால் அது குணமல்ல, பெரும் ஆபத்து.